புதுசு வேணும், அதுக்காகப் பழசை அழிக்காதீங்க!



நம்ம கம்ப்யூட்டர் அறையில இருந்த பச்சை கலர் பென்டிரைவ், 2025 ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் இருந்து ஆபீஸ் ரூம் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. அது அங்கே போகக் காரணம் நான்தான் என்பது உங்க எல்லாருக்கும் தெரியும். நான் தப்பு செய்தேன், அதை மறைக்கப் போறதில்லை. ஆனால் பூட்டி வைப்பதும் ஒரு தப்புதான் என்பது என் கருத்து. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல, தெரியாதவங்களுக்காக அந்தப் பென்டிரைவ் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது பாட்டு ஏற்றுகிற சாதாரணப் பென்டிரைவ் இல்லை. கம்ப்யூட்டரை ஓட வைக்கிற ஆபரேட்டிங் சிஸ்டமே அதுக்குள்ள இருந்தது. நம்ம அறையில் ஐந்து கம்ப்யூட்டர்கள் இருக்கு. அதில் இரண்டில் ஹார்ட் டிஸ்க் செத்துப் போச்சு. அந்தப் பென்டிரைவைச் செருகி, ஆன் பண்ணும்போது எஃப்12 பட்டனை அழுத்தினால் போதும், ஹார்ட் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டரும் எழுந்து உட்காரும். எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் நம்ம படம், நம்ம எழுத்து, நம்ம தமிழ்99 விசைப்பலகை எல்லாம் அப்படியே வரும். நம்ம கணக்கு சார் மாற்றலாகிப் போகும்போது நமக்குக் கொடுத்துட்டுப் போனது அது. அதுல இருந்தது லுபுண்டு 18.04. பதினெட்டு என்றால் 2018, நாலு என்றால் ஏப்ரல். வெளிவந்த மாதத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

லுபுண்டு இலவசம். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், மாத்தலாம், மத்தவங்களுக்கும் கொடுக்கலாம். இந்த மாதிரி சுமந்துகிட்டே போகிற சிஸ்டம் புதுசு ஒண்ணும் இல்லை. ஜெர்மனிக்காரரான கிளாஸ் நாப்பர் என்பவர் 2000-லேயே நாப்பிக்ஸ் என்று ஒன்றை சிடியில் ஓடுகிற மாதிரி செய்தார். நம்ம சென்னையில் இருக்கிற சி-டாக் மையம் 2007-ல் பாஸ் லினக்ஸ் வெளியிட்டது. அது தமிழிலும் வரும். ஆகவே இது நமக்கு எட்டாத விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, நான் செய்தது என்ன?

மே மாத விடுமுறைக்கு கோடம்பாக்கத்தில் இருக்கிற எங்க அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். செங்கல்பட்டு எலக்ட்ரிக் ட்ரெயினில் ஏறினால் கோடம்பாக்கம் ஸ்டேஷனிலேயே இறங்கிடலாம், அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். மாமா வீட்டில் லேப்டாப்பும் நெட்டும் இருக்கு. அதனால டீச்சரிடம் கேட்டு, பென்டிரைவைக் கொண்டு போனேன். "புதுப் பதிப்பு போட்டுட்டு வரேன் டீச்சர்" என்று பெருமையாகச் சொல்லிட்டுத்தான் போனேன்.

ஏன் புதுசு போட நினைத்தேன்? லுபுண்டு 18.04-க்கு மூணு வருஷம்தான் திருத்தங்கள் தருவார்கள். அது 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அதுக்கப்புறம் ஓட்டை எதுவும் கண்டுபிடித்தாலும் நமக்கு அடைக்க ஆள் இல்லை. பிரவுசரும் பழசாகி, சில தளங்கள் திறக்கவே மாட்டேன் என்றது. "ஓடுறதை எதுக்குத் தொடணும்?" என்று சில பேர் கேட்டாங்க. அவங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களே நின்னு போய், நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வைரஸ் நுழைந்த ஓட்டைக்கு விண்டோஸ் கம்பெனி இரண்டு மாதம் முன்னாடியே, மார்ச்சிலேயே, திருத்தம் கொடுத்திருந்தது. அதைப் போடாதவர்கள்தான் மாட்டிக்கிட்டாங்க. ஆகவே புதுப்பிக்கணும் என்று நான் நினைத்தது தப்பு இல்லை. புதுப்பித்த விதம்தான் தப்பு.

முதல்ல, பென்டிரைவுக்குள்ளேயே இருந்த அப்டேட் பட்டனை அழுத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஓடி, இடம் போதவில்லை என்று நின்னுடுச்சு. 16 ஜிபி பென்டிரைவ், பாதி காலியாக இருக்கு, அப்புறம் எப்படி இடம் போதாது? எனக்குக் கோபம் வந்தது. காரணம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்த வகைப் பென்டிரைவில் சிஸ்டம் முழுக்க ஒரே மூட்டையாகச் சுருக்கிக் கட்டி வைத்திருக்கும். அது அச்சடித்த புத்தகம் மாதிரி. படிக்கலாம், திருத்த முடியாது. நாம் செய்கிற மாற்றம் எல்லாம் வேறொரு கோப்பில் போய்ச் சேரும். அது புத்தகத்தின் மேல் ஒட்டுகிற ஒட்டுத்தாள் மாதிரி. அப்டேட் செய்தால் என்ன ஆகும்? பழைய பக்கம் புத்தகத்திலேயே இருக்கும், புதுப் பக்கம் ஒட்டுத்தாளில் சேரும். ஒரே பக்கத்துக்கு இரண்டு இடம் செலவு. அந்த ஒட்டுத்தாள் கோப்பும் 4 ஜிபிக்கு மேல் வளராது. ஏனென்றால் பென்டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் இருந்தது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 16 ஜிபி இருந்தும் இடம் போதாமல் போனது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. சிஸ்டத்தின் இதயமான கெர்னல் அந்த மூட்டைக்கு வெளியே தனியாக இருந்து கிளம்புகிறது. உள்ளே எவ்வளவு அப்டேட் போட்டாலும், அடுத்த தடவை ஆன் பண்ணும்போது பழைய கெர்னல்தான் எழுந்து வரும்.

இந்த வகையை உள்ளே இருந்தபடியே புதுப்பிக்கப் பார்ப்பது வீண் வேலை. புதுப் பதிப்பை மறுபடி முழுசாக எழுதுவதுதான் வழி. (ஹார்ட் டிஸ்கில் போடுகிற மாதிரியே பென்டிரைவிலும் முழுசாக இன்ஸ்டால் செய்கிற இன்னொரு வகை இருக்கு. அதை வழக்கம் போல அப்டேட் செய்யலாம். ஆனால் அதிகமா எழுதி எழுதி பென்டிரைவ் சீக்கிரம் தேயும், வேகமும் குறைவு.)

அதனால லுபுண்டு 24.04 இறக்கினேன். அதுக்கு 2027 ஏப்ரல் வரைக்கும் திருத்தம் வரும். ஏறக்குறைய 3 ஜிபி. மாமா வீட்டு நெட்டில் இறங்க ஒரு மதியம் முழுக்க ஆச்சு. எழுதுகிற சாஃப்ட்வேர் இங்கிலீஷில் ஒரு எச்சரிக்கை காட்டியது. இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று அர்த்தம். நான் முழுசாகப் படிக்காமலேயே ஓகே கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன் தெரியுமா? எங்க அம்மா போன் எத்தனையோ தடவை அப்டேட் ஆகியிருக்கு. ஒரு போட்டோகூடப் போனதில்லை. இதுவும் அப்படித்தான், சிஸ்டம் மட்டும் மாறும், நம்ம ஃபோல்டர் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் எழுதி முடிந்தது. திறந்து பார்த்தால் எல்லாம் பளபளவென்று இருந்தது. நம்ம ஃபோல்டர் மட்டும் இல்லை.

அந்த ஃபோல்டரில் என்ன இருந்தது என்று எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறவங்களுக்குத் தெரியும். நம்ம ஏரித் தண்ணி பாய்கிற கழனிகளோட பெயர்களை போன வருஷம் பூராவும் சேர்த்தோம். நீர்கட்டித் தாத்தாவோட வரப்பு வரப்பாக நடந்து, 64 பெயர் எழுதினோம். நாவலடி, கூத்தாடி மானியம், பெரிய மதகுக் கழனி, பேய்க்கரும்பு மேடு என்று ஒவ்வொன்றுக்கும் ஏன் அந்தப் பெயர் என்று ஒரு கதையும் டைப் செய்து வைத்திருந்தோம். எல்லாம் போயிடுச்சு. மாமா, அழிந்த கோப்புகளை மீட்கிற ஒரு சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தார். பெயரில்லாத சில போட்டோக்கள்தான் வந்தன. ரஃப் நோட்டுகளைத் தேடிப் பிடித்து 41 பெயர் திரும்ப எழுதிட்டோம். மீதி 23 இன்னும் கிடைக்கவில்லை. தாத்தா இப்போ மகள் வீட்டோட போய்விட்டார். போன் பண்ணிக் கேட்டேன். "உட்கார்ந்த இடத்துல இருந்து கேட்டா எப்படிம்மா வரும்? வரப்புல நடந்தாத்தான் வாயில பேர் வரும்" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

நான் அழுதுகொண்டு இருந்தபோது மாமா திட்டவில்லை. ஒரு விஷயம் சொன்னார். மாமா சின்ன வயசில் கோடம்பாக்கத்தில் சினிமா எடிட்டிங்கில் அசிஸ்டண்டாக வேலை பார்த்தவர். அப்போ எல்லாம் ஃபிலிம்தான். கேமராவில் ஓடின நெகட்டிவை எடிட்டிங் டேபிளுக்குக் கொண்டு வரவே மாட்டார்களாம். அதில் இருந்து ஒரு காப்பி போட்டு, அந்தக் காப்பியைத்தான் வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், தப்பானால் மறுபடி ஒட்டுவார்கள். எல்லாம் சரி என்று ஆன பிறகுதான் அதைப் பார்த்து நெகட்டிவை வெட்டுவார்கள். நெகட்டிவில் கத்தி பட்டால் அந்தக் காட்சியே போயிடும், மறுபடி எல்லா நடிகரையும் கூப்பிட்டு எடுக்க முடியுமா? "நீ நேரா நெகட்டிவ்லயே கத்தரி வச்சுட்டியேம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்று புரிந்தது.

அம்மா போனில் ஏன் எதுவும் போகவில்லை என்பதையும் மாமாதான் தேடிப் பார்த்துச் சொன்னார். போனில் சிஸ்டம் ஒரு அறையிலும் நம்ம போட்டோ வேறு அறையிலும் தனித்தனியாக இருக்குமாம். அதோடு ஆண்ட்ராய்டு 7 வந்த 2016-ல் இருந்து இன்னொரு ஏற்பாடும் வந்தது. அந்த ஏற்பாடு இருக்கிற போன்களில் சிஸ்டத்துக்கே இரண்டு இடம் உண்டு. ஒன்றில் பழசு ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதுசு ஏறும். புதுசு எழவில்லை என்றால் போன் பழையதுக்கே திரும்பிவிடும். கோடம்பாக்கம் எடிட்டிங் ரூமில் செய்த அதே புத்தியைத்தான் போன் செய்கிறவர்களும் செய்திருக்கிறார்கள்.

நம்ம பள்ளியையே பாருங்களேன். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியாக இருந்தது உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்தது. ஊரில் இன்னும் யூனியன் ஸ்கூல் என்றுதான் சொல்கிறார்கள். பழைய கட்டடத்தை இடித்துப் போட்டுட்டா புதுசு கட்டினார்கள்? இல்லையே. நாம் பழைய வகுப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தோம், பக்கத்தில் புதுசு எழும்பியது. தரம் உயர்த்துவது என்றால் அப்படித்தான் இருக்கணும்.

இன்னொரு தப்பும் நடந்தது. ஜூனில் அந்தப் புதுப் பென்டிரைவை ஐந்து கம்ப்யூட்டரிலும் செருகினோம். நாலு எழுந்தது. ஜன்னல் ஓரத்தில் இருக்கிற பழைய பெட்டி மட்டும் கறுப்புத் திரையில் இரண்டு வரி காட்டிட்டு நின்னுடுச்சு. அது 32 பிட் கம்ப்யூட்டர், புதுசு 64 பிட்டுக்கு மட்டும்தான். சார் ஏன் பழைய 18.04-ஐத் தேர்ந்தெடுத்தார் என்பது அப்போதான் தெரிந்தது. லுபுண்டுவில் 32 பிட்டுக்கும் வந்த கடைசி நீண்டகாலப் பதிப்பு அது. அந்த ஒரு பெட்டியையும் விட்டுவிடக் கூடாது என்றுதான் சார் அதைப் போட்டிருக்கார். டெபியன் என்ற பெரிய லினக்ஸ்கூட 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்போடு 32 பிட் கம்ப்யூட்டரில் புதுசாக இன்ஸ்டால் செய்வதை நிறுத்திவிட்டது. பழசு ஏன் அப்படி இருக்கு என்று கேட்காமல் மாற்றினால் இப்படித்தான் யாராவது ஒருத்தர் விட்டுப் போவாங்க.

இதுக்கு அப்புறம்தான் பென்டிரைவ் பீரோவுக்குப் போனது. "பொண்ணுங்க கையில கொடுத்தா இப்படித்தான்" என்று வகுப்பில் சிலர் சொன்னதும் என் காதில் விழுந்தது. அவங்களுக்கு நான் கேட்பது ஒன்றுதான். எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே கொடுப்பது பெண்கள் மட்டுமா செய்கிறோம்? அவசரத்துக்கு ஆண் பெண் கிடையாது. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொன்னாங்க.

பூட்டி வைத்தால் பென்டிரைவ் பத்திரமாக இருக்கும், உண்மைதான். ஆனால் ஹார்ட் டிஸ்க் இல்லாத இரண்டு கம்ப்யூட்டரும் அன்றிலிருந்து சும்மா தூசி படிந்து கிடக்கிறது. ஐந்து கம்ப்யூட்டருக்குப் பதில் மூணில் நாற்பது பேர் முண்டியடிக்கிறோம். ஆறாம் வகுப்புத் தங்கைகளுக்கு முறையே வருவதில்லை. பூட்டின பென்டிரைவும் ஒவ்வொரு நாளும் பழசாகிக்கொண்டுதான் இருக்கு. 2027-க்கு அப்புறம் அதுவும் 18.04 மாதிரி ஆகிவிடும். அப்போ யாருக்கு அதைப் புதுப்பிக்கத் தெரியும்?

பக்கத்தில் கேரளாவில் பள்ளிக்கூடங்களுக்கு என்றே கைட் என்ற அரசு நிறுவனம் லினக்ஸ் செய்து தருகிறது. 2018-ல் லிட்டில் கைட்ஸ் என்று உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு மன்றமும் தொடங்கினார்கள். நம்ம வயசுப் பிள்ளைகள்தான் அதில் கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொள்கிறார்கள். அவங்களால முடிகிறது நம்மால முடியாதா?

ஆகவே தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கும் டீச்சருக்கும் நான் பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான்.

1. சிஸ்டத்துக்கு ஒரு பென்டிரைவ், நாம் எழுதினதுக்கு ஒரு பென்டிரைவ் என்று தனியாக வைப்போம். எழுதினதை மாதம் ஒரு தடவை ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் காப்பி எடுப்போம்.

2. சிஸ்டத்துக்கே இரண்டு பென்டிரைவ் வேண்டும். புதுப் பதிப்பை இரண்டாவதில்தான் எழுதணும். ஐந்து கம்ப்யூட்டரிலும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பழையதைத் தொடணும்.

3. ஜன்னல் ஓரத்துப் பழைய பெட்டிக்குத் தனியாக ஒரு 18.04. அதை நெட்டோடு இணைக்காமல், டைப் பழக மட்டும் வைத்துக்கொள்வோம்.

4. இறக்கின கோப்பு சரியாக வந்ததா என்று பார்க்க 64 எழுத்து கொண்ட ஒரு சரிபார்ப்பு எண் அவங்க தளத்திலேயே கொடுத்திருப்பாங்க. நம்ம கோப்பிலும் அதே எண் வருதா என்று பார்த்த பிறகே எழுதணும். நான் அதையும் பார்க்கலை.

5. எழுதும்போது இரண்டு பேர் இருக்கணும். இங்கிலீஷில் எது வந்தாலும் ஒருத்தர் சத்தமாகப் படிக்கணும், மற்றவர் அர்த்தம் சொல்லணும். தெரியலை என்றால் கைவிட்டுட்டு டீச்சரைக் கேட்கணும்.

6. ஒரு நோட்டுப் போட்டு தேதி, பதிப்பு, யார் செய்தது, ஏன் இந்தப் பதிப்பு என்று எழுதி வைக்கணும். சார் அப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தால் ஜன்னல் ஓரத்துப் பெட்டி நின்றிருக்காது. சார் மேல குறை சொல்லவில்லை. அவருக்கு மாற்றல் ஆர்டர் திடீரென்று வந்தது.

நான் விசாரித்த கடையில் ஒரு பென்டிரைவ் 400 ரூபாய் சொன்னார்கள். என் உண்டியலில் 260 ரூபாய் சேர்ந்திருக்கு. ஒரு பென்டிரைவ் நான் வாங்கித் தருகிறேன், அது என் கடன். இன்னொன்றுக்கு வகுப்பில் எல்லாரும் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. அந்த 23 கழனிப் பெயர் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை, நெட்டிலும் இல்லை. உங்க வீட்டுத் தாத்தா பாட்டிக்குத் தெரிந்திருக்கலாம். கேட்டுட்டு வந்து இந்தத் தாளுக்குக் கீழே விட்டிருக்கிற இடத்தில் பேனாவால எழுதுங்க. பென்சில் வேண்டாம், அழிஞ்சிடும். நீர்கட்டித் தாத்தா பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாராம். அவரோட மறுபடி வரப்பில் நடக்க யார் யார் வருகிறீர்கள் என்றும் பெயர் கொடுங்க. இந்தத் தடவை இரண்டு நோட்டில் எழுதுவோம்.

புதுசு வேணும். ஆனால் அது எழுந்து நிற்கிற வரைக்கும் பழசும் நிற்கணும். சிந்திப்பீர்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி